நுரை இறங்காத கிளாஸ்

எங்கள் லாந்தர் தெருவில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி, பீர் தீராத வீடு ஒன்று முப்பத்தாறு நாள் இருந்தது. அந்த முப்பத்தாறு நாளும் அந்த வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் போனார்கள், யார் வேண்டுமானாலும் வந்தார்கள், தெருநாய்கூட உள்ளே போய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது, வீட்டுக்காரி மதலேனால் மட்டும் வெளியே வர முடியவில்லை. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரன் நான். அந்தப் பீரை நானும் குடித்தேன், ஒரு நாள் விடாமல் குடித்தேன், அதனால் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

மதலேனின் புருஷன் அம்புரோஸ் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரியில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிரான்சின் வடகிழக்கு மூலையில், பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊரில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனும் மீசையும் பீரைப் பற்றிய ஏராளமான அபிப்பிராயங்களுமாக ஊர் திரும்பி, மதலேனைக் கட்டிக்கொண்டார். பாட்டிலில் வருவதைப் பீர் என்று அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. பீப்பாயிலிருந்து குழாய் வழியாகக் கிளாஸில் இறங்குவதுதான் பீர், மற்றதெல்லாம் கையலம்பின தண்ணி என்பார். கல்யாணமான புதிதில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு பீப்பாய் வைத்திருக்கிற பாராகத் தேடிப் போவார். போகும்போது கதவைப் படாரென்று அறைந்துவிட்டுத்தான் போவார். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அதற்கப்புறம் அவர் எப்போது வருவார், எந்தக் கோலத்தில் வருவார் என்று மதலேன் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள்.

புருஷனை வீட்டில் உட்கார வைக்க ஒருத்தி தாயத்து மந்திரித்துக் கட்டுவாள், இன்னொருத்தி மீன்குழம்பில் தன் கையைக் காட்டுவாள், மதலேன் பீர் ஊற்றக் கற்றுக்கொண்டாள். பீப்பாய் வந்து இறங்கினால் அன்றைக்குத் தொடமாட்டாள், வண்டியில் குலுங்கி வந்தது ஒரு நாள் முழுக்க அடங்கட்டும் என்று சுற்றிலும் ஐஸ் போட்டு ஈரச்சாக்கால் மூடி வைப்பாள். வாரத்துக்கு ஒருமுறை ரப்பர் குழாயைக் கழற்றி வெந்நீர் விட்டுக் கழுவுவாள். கிளாஸில் எண்ணெய்ப் பசையோ சோப்பு வாடையோ இருக்கக் கூடாது, துணியால் துடைக்கக் கூடாது, ஊற்றுவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் ஒரு தரம் அலசி அப்படியே ஈரத்தோடு குழாய்க்குக் கீழே சாய்த்துப் பிடிக்க வேண்டும். குழாயை ஒரே இழுப்பில் முழுக்கத் திறக்க வேண்டும். பாதி திறந்தால் பீர் கோபித்துக்கொண்டு வெறும் நுரையாகக் கக்கும். முக்கால் நிறைந்ததும் கிளாஸை நிமிர்த்தி, மேலே இரண்டு விரற்கடை நுரை கட்டியதும் ஒரே தள்ளில் மூட வேண்டும். இதையெல்லாம் அவள் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே படித்தாள்.

அதற்கப்புறம் அம்புரோஸ் பாருக்குப் போவதை விட்டார். கூடத்துப் பிரம்பு நாற்காலியில் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பார். அவர் எழுந்திருக்கிற வரைக்கும் மதலேன் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும். அவள் வாசல் பக்கம் பார்த்தாலே அவர் புருவம் ஏறும், உடனே அவள், "நீங்க முடிங்க, நீங்க முடிக்கிற வரைக்கும் நான் எங்கயும் போவல" என்பாள். பத்தொன்பது வருஷம் தினமும் இந்த ஒரே வாக்கியம். ஆறு மணிக்கு மேல் அவளைத் தெருவில் பார்த்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. மாதா தேருக்கு வந்ததில்லை, கடற்கரைக்கு வந்ததில்லை, கூடப்பிறந்த தங்கச்சி கல்யாணத்திலேயே ஐந்தரைக்குக் கிளம்பி வந்துவிட்டாள். என்றைக்காவது பீர் சூடாக இருந்தாலோ நுரை உட்கார்ந்துவிட்டாலோ அவர் திட்டவெல்லாம் மாட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை டக்கென்று கீழே வைத்து, ஆணியில் மாட்டியிருக்கும் தொப்பியை எடுத்துக்கொண்டு, கதவை அறைந்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பயந்துதான் அவள் என்றைக்குமே நன்றாக ஊற்றினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், அதே நாற்காலியில், கிளாஸில் ஒரு வாய் மிச்சம் இருக்கும்போது அம்புரோஸ் செத்துப்போனார்.

பீப்பாய்க்கு ஐஸ் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தவர் சவரிநாதன். மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் ஓட்டுகிற சின்ன வேன் அவருடையது. பெண்சாதியை இழந்தவர், பீரை வாயில் வைக்காதவர், கூச்சத்தில் பாதிப் பேச்சை விழுங்கிவிடுகிறவர். அம்புரோஸ் போய், பீப்பாயும் போன பிறகும், வாரத்துக்கு ஒரு நாள் காலையில் அவர் ஒரு பாளம் ஐஸைக் கொண்டுவந்து மதலேன் வீட்டு வாசலில் வைத்தார். எதற்கென்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது கரைகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் போன பிறகும் ஆறு மணிக்கு மேல் அவள் வாசலைத் தாண்டியதில்லை, பழக்கம் அப்படி. மூன்று வருஷம் ஐஸ் கரைந்ததில் கல்யாணப் பேச்சு வந்தது. சவரிநாதனுக்குக் காரைக்கால் ஐஸ் பாக்டரியில் வேலை கிடைத்திருந்தது, சாம்பல் புதனுக்குள் போய்ச் சேர வேண்டும். தவக்காலம் தொடங்கினால் கோவிலில் கல்யாணம் கிடையாது என்பதால், அதற்கு முந்தின திங்கட்கிழமை காலைப் பூசையில் தாலி கட்டுவதென்று முடிவாயிற்று.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மறுகல்யாணம் கட்டுகிறவள் முன்னவருடைய திதியன்று அவருக்குப் பிடித்ததைப் படைத்து, அவரிடம் உத்தரவு கேட்க வேண்டும். படைத்தது ஒரு விரற்கடையாவது குறைந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். வைத்ததைப் பூனையோ எறும்போ தின்றால்கூட நாங்கள் ஏற்றுக்கொள்வோம், அவ்வளவு கெடுபிடி கிடையாது. அம்புரோஸுக்குப் பீரைப் படைக்கப் போகிறாள் என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. நுரை என்று இருந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும், அது இறங்கினால் உத்தரவு.

மதலேன் முப்பது லிட்டர் பீப்பாய் ஒன்றை வாடகைக்கு வரவழைத்தாள், ஒரு நாள் அடங்க வைத்தாள், ஐஸ் போட்டாள், கிளாஸை அலசினாள், சாய்த்துப் பிடித்து ஊற்றினாள். பிரம்பு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த அம்புரோஸ் படத்துக்கு முன்னால் முக்காலியில் வைத்துவிட்டு, முட்டி போட்டு, வேண்டிக்கொள்ள வாயைத் திறந்தவள், பத்தொன்பது வருஷப் பழக்கத்தில், "நீங்க முடிங்க, நீங்க முடிக்கிற வரைக்கும் நான் எங்கயும் போவல" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நுரை இறங்கவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தோம், இறங்கவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தோம், இரண்டு விரற்கடை நுரை, ஊற்றியது ஊற்றியபடி, கிளாஸுக்கு வெளியே குளிர்ந்த வேர்வையோடு அப்படியே நின்றது. சரி, போகட்டும் என்று மதலேன் பால் வாங்கக் கிளம்பினாள். வாசற்படிக்கு வெளியே வலது காலை எடுத்து வைத்தாள், அந்தக் கால் கூடத்தில் பீப்பாய்க்குப் பக்கத்தில் போய் ஊன்றியது. திரும்பி இன்னொரு தரம் வாசலுக்கு வந்து இடது காலை வைத்தாள், அதுவும் கூடத்தில்தான் இருந்தது. கொல்லைக் கதவில் முயன்றாள், ஸ்டூல் போட்டு ஜன்னலில் முயன்றாள், எப்படிப் போனாலும் கூடத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கடைசியில் எங்கள் வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னாள், "அண்ணே, எனக்கும் சேத்து ஒரு பாக்கெட் பால் வாங்கியாந்துடுங்க." நானும் வாங்கிக் கொடுத்தேன். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, பத்தொன்பது வருஷமாகவே அவள் அப்படித்தானே இருந்தாள் என்று என் மனைவி ரெஜினா சொன்னாள்.

பங்குச் சாமியார் வந்தார். தீர்த்தம் தெளித்தார், ஜெபம் சொன்னார், பிறகு மதலேனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினார். அவர் தெருவில் நின்றார், அவர் கை மூடியபடியே காலியாக இருந்தது. அவள் கூடத்தில் இருந்தாள்.

"வேற வழி இல்லன்னா பிஷப்புகிட்ட உத்தரவு வாங்கி, இங்கயே வந்து கல்யாணத்த மந்திரிச்சு வெச்சிடறேன்மா" என்றார் சாமியார்.

"வேணாம் சாமி" என்றாள் மதலேன். "இந்த வீட்டுக்குள்ள ஒரு கல்யாணம் போதும்."

அப்போதுதான் எங்கள் தெருப் பெரியமனுஷர் இஞ்ஞாசி மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. சமையல் காண்ட்ராக்டராக இருந்து ஓய்ந்தவர், எந்த வீட்டில் எது நடந்தாலும் முன்னால் நின்று நடத்துகிறவர். "அம்புரோஸ் பீப்பா காலியாவற வரைக்கும் எந்திரிக்க மாட்டான், அது எல்லாருக்கும் தெரியும். அப்ப இன்னா பண்ணணும்? பீப்பாவக் காலி பண்ணணும். நம்ம தெருப் பொண்ண நாமதான் மீக்கணும்" என்றார். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினோரு பேர் மதலேனை மீட்கப் போனோம், ஆளுக்கு ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு போனோம்.

அப்படி ஒரு பீரை நான் என் ஆயுளில் குடித்ததில்லை. மற்றவர்கள் யார் குழாயைத் திறந்தாலும் வெறும் நுரைதான் வந்தது, அதனால் மதலேன்தான் ஊற்றினாள், அவளும் பீப்பாய் காலியானால் போதும் என்று ஓடி ஓடி ஊற்றினாள். முப்பது லிட்டர் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும், அறுபது லிட்டரும் தீர்ந்திருக்க வேண்டும், பீப்பாயைத் தட்டிப் பார்த்தால் கழுத்துவரை நிறைந்த சத்தம்தான் வந்தது. மறுநாள் இருபது பேர் மீட்கப் போனோம். அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்தும் மீட்க வந்தார்கள், வரிசை போட்டு டோக்கன் கொடுக்க வேண்டியதாயிற்று. வாடகைக்கு விட்டவர் காலிப் பீப்பாயை எடுத்துப்போக வந்தார், அசைத்துப் பார்த்தார், ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தார், இது தன்னுடைய பீப்பாய் இல்லை என்று தலையிலடித்துச் சத்தியம் செய்துவிட்டு மறுநாள் தன் சொந்தபந்தங்களோடு வந்தார். வேர்க்கடலை வந்தது, சுண்டல் வந்தது, வாசலில் நாற்காலிகள் வந்தன. மூன்றாவது வாரத்தில், "இன்னைக்கு நுரை ஒரு நூல் கம்மி" என்று குறை சொல்கிற அளவுக்கு நாங்கள் தேறியிருந்தோம். எதற்காகக் குடிக்க ஆரம்பித்தோம் என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. கோவிலில் ஞாயிறு தவறாமல் மதலேன், சவரிநாதன் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலையை மூன்று தரமும் வாசித்து முடித்தார்கள், தன் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்க அவள் அங்கே இல்லை.

சவரிநாதன் தினமும் காலையில் ஐஸ் கொண்டுவந்தார். பீப்பாய் சூடானால் யாரும் குடிக்கமாட்டார்கள், குடிக்காவிட்டால் காலியாகாது என்று இஞ்ஞாசி மாமா அவருக்குச் சொல்லியிருந்தார். பாவம் அந்த மனுஷன், ஒரு பாளத்துக்கு இரண்டு பாளமாகத் தோளில் சுமந்து வந்து, தானே உடைத்து, தானே பீப்பாயைச் சுற்றி அடுக்கி, ஈரச்சாக்கை இழுத்து மூடுவார். பிறகு படத்துக்கு முன்னால் இருக்கிற கிளாஸைக் குனிந்து பார்ப்பார். நுரை இறங்கியிருக்காது. மதலேன் சமையலறை வாசலில் நிற்பாள், இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது, கரைவதற்கு நேரம் கொடுக்காத ஐஸை வைத்துக்கொண்டு என்ன பேசுவது.

ஒரு நாள் ரெஜினா என் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டாள். "வெக்கமா இல்ல உங்களுக்கு? அவ கால் வீங்கிக் கெடக்கு. செத்தவன் ஒருத்தன் நிக்க வெச்சான், இப்ப தெருவே சேந்து நிக்க வெச்சிருக்கீங்க." எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு வேறு கிளாஸ் எடுத்துக்கொண்டு போனேன்.

முப்பத்தைந்தாவது நாள் சனிக்கிழமை. கல்யாணத்துக்கு நடுவில் ஞாயிறு மட்டும்தான் பாக்கி. ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் இஞ்ஞாசி மாமா சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னார்.

"சவரி காரைக்கால் போயிட்டா ஐஸுக்கு இன்னா பண்றதுன்னு நீ கவலப்படாத மதலேன். கூலிங் மிஷின் ஒண்ணு சொல்லியாச்சு. முன்னாடி ஒரு கொட்டாயும் போட்டுடலாம். மழ வந்தாலும் வெயில் அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது. உன்ன நாங்க பாத்துக்கறோம்."

மதலேன் குழாயை மூடினாள். "அப்ப கல்யாணம் மாமா?"

"ஈஸ்டர் கழிச்சுப் பாப்பமே. எங்க ஓடிடப் போவுது? பீப்பா மொதல்ல காலியாவட்டும்."

அவள் எங்கள் எல்லோரையும் ஒருவர் விடாமல் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம், எதிர்வீட்டுக்காரன், அண்ணே என்று கூப்பிடப்பட்டவன். நான் என் கிளாஸை அலசப் போனேன்.

ஞாயிறு காலையில் சவரிநாதன் ஐஸைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தபோது மதலேன் வாசற்படிக்கு உள்பக்கம் நின்று கையை நீட்டித் தடுத்தாள்.

"உள்ள எடுத்தாராதீங்க."

"ஏன்? சூடாயிடுமே."

"ஆவட்டும்" என்றாள். "பீப்பா காலியான நாள்ல எல்லாம் அவர் எந்திரிச்சதில்லங்க, அடுத்த பீப்பா எங்கன்னு கேட்டுகினு உக்காந்திருப்பாரு. அவர் எந்திரிச்சுக் கெளம்பிப் போனதெல்லாம் நான் மோசமா ஊத்துன அன்னைக்குத்தான். முப்பத்தாறு நாளா எனக்கு இது தோணல பாருங்க."

சவரிநாதன் தோளிலிருந்த ஐஸைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இத்தினி நாளா நான்தான் அவர உக்கார வெச்சேனா?" என்றார்.

"நம்ம ரெண்டு பேருமாத்தான்" என்றாள் மதலேன். "வேன எடுத்துகினு ஆறு மணிக்கு வாங்க."

அன்று பகல் முழுக்க அவள் செய்ததை எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஈரச்சாக்கை உருவினாள். மிச்ச ஐஸை வாரிக் கொல்லையில் கொட்டினாள். பீப்பாயை உருட்டி, ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில் நிறுத்தினாள், உருட்டும்போது வேண்டுமென்றே இரண்டு தரம் குலுக்கினாள். ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து நெத்திலி வறுத்தாள், எண்ணெய் வாசனை தெரு முழுக்க வந்தது.

ஆறு மணிக்கு நாங்கள் கிளாஸோடு போனபோது அவள் யாருக்கும் ஊற்றவில்லை. நேராகப் போய், படத்துக்கு முன்னால் இருந்த அந்தக் கிளாஸைக் கையில் எடுத்தாள். படைத்ததைத் தொட்டுவிட்டாளே என்று இஞ்ஞாசி மாமா மூன்று தரம் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குள் அவள் அதை வாயில் வைத்துவிட்டாள். ஆயிரக்கணக்கான கிளாஸ் ஊற்றியவள், அதுவரை ஒரு சொட்டுக்கூட ருசி பார்த்ததில்லை. நிறுத்தாமல் கடைசிவரை குடித்தாள். மேலுதட்டில் நுரையோடு, கண்ணில் தண்ணீரோடு, படத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். காலிக் கிளாஸைத் திருப்பிப் பார்த்து, "இதுக்குத்தானா?" என்றாள்.

பிறகு நெத்திலி எண்ணெய் ஒட்டிய விரல்களை அந்தக் கிளாஸுக்குள் விட்டு நன்றாகச் சுழற்றித் துடைத்தாள். அலசவில்லை. குழாய்க்குக் கீழே செங்குத்தாக, ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். குழாயைப் பாதி மட்டும் திறந்தாள்.

"வேணாம் மதலேன்" என்று எங்களில் யாரோ கத்தினார்கள், நானாகக்கூட இருக்கலாம்.

பீப்பாய் இருமியது. வெதுவெதுப்பாக, பெரிய பெரிய குமிழியாக, முக்கால் கிளாஸ் வெறும் நுரை கக்கியது. அதைக் கொண்டுபோய் முக்காலியில் வைத்தாள். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் நுரை எண்ணெயில் பட்டு உட்கார்ந்துவிட்டது, அடியில் மஞ்சளாக நாலு விரற்கடைத் தண்ணி கிடந்தது. மதலேன் பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்கவில்லை. முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

கிளாஸில் ஒரு வாய் குறைந்தது. எல்லோரும் பார்த்தோம். கிளாஸ் டக்கென்று முக்காலியில் இடித்தது. பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. மூன்று வருஷமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த தொப்பி அங்கே இல்லை. அடுத்த நிமிஷம் தெருக்கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது, எதிரே எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

பத்தொன்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து பயந்து செத்தவள், கையைத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

பீப்பாய் புஸ்ஸென்று கேஸை விட்டு ஓய்ந்தது. இஞ்ஞாசி மாமா ஓடிப்போய்த் தட்டிப் பார்த்தார், வெறும் தகரச் சத்தம். அவர் குழாயை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதலேன் எழுந்து, கதவைத் திறந்து, வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். வலது காலை வெளியே வைத்தாள். அது தெருவில் ஊன்றியது. இடது காலை வைத்தாள். காலையில் இறக்கி வைத்த ஐஸ் கரைந்த ஈரத்தில் செருப்பில்லாமல் நடந்து, வேனின் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள். கையலம்பின தண்ணிகூட மிஞ்சாத கிளாஸ்களோடு நாங்கள் வாசலில் நின்றோம்.

சவரிநாதன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கோவிலுக்கு நாளைக்குத்தான் போவணும்" என்றார் திக்கித் திக்கி. "இப்ப எங்க போவணும்?"

"எங்கயாவது ஓட்டுங்க" என்றாள் மதலேன். "ஆறு மணிக்கு மேல இந்த ஊரு எப்பிடி இருக்கும்னு நான் பாத்ததில்ல."